பனையோலையில் ஆடும் வீடு



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தால், வயல் வரப்பில் நிற்கும் பனைகளின் ஓலை நுனியில் சுரைக்குடுவை போன்ற கூடுகள் காற்றில் ஆடுவதை நாம் காணலாம். இவற்றைக் கட்டுவது சிட்டுக்குருவி அளவே உள்ள தூக்கணாங்குருவி.

இதன் நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. பெண் குருவி ஆண்டு முழுவதும் பெண் சிட்டுக்குருவியைப் போல மங்கிய பழுப்பு நிறத்திலேயே இருக்கும். ஆணும் மற்ற மாதங்களில் அப்படித்தான். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணின் உச்சந்தலையும் மார்பும் மஞ்சளாகும், முகம் கரும்பழுப்பாகும். அறிவியல் பெயரில் பிலிப்பைன்ஸ் இருந்தாலும், அந்நாடு இதன் தாயகமன்று. இந்தியத் துணைக்கண்டமும் தென்கிழக்கு ஆசியாவுமே இதன் தாயகம்.

கூடு கட்டும் வேலை ஆணுக்குரியது. நெற்பயிரின் இலையையும் புல்லையும் ஓலையையும் அலகால் நீள நாராகக் கிழித்து வந்து பின்னுகிறது. ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான முறை பறந்து செல்கிறது. பாதிக் கூடு முடிந்ததும் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் முட்டை அறையும் நீண்ட நுழைவுக் குழலும் முழுமை பெறும். பெண் 2 முதல் 4 வரை வெண்ணிற முட்டைகளிட்டுத் தானே அடைகாக்கிறது. ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இவ்வழக்கத்தை 1931-இல் விளக்கி எழுதியவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

மின்மினியைப் பிடித்து வந்து கூட்டில் விளக்கேற்றும் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. விளக்கு கதைதான், ஆனால் கூட்டின் உட்புறத்தில் ஈரக் களிமண் பூசுவது உண்மை.

தானியத்தைத் தின்னும் பறவை என்று உழவர்கள் இதை விரட்டுவதுண்டு. ஆனால் தன் குஞ்சுகளுக்கு இது ஊட்டுவதில் பூச்சிகளும் உண்டு. கிணற்றின்மேல் சாய்ந்த கிளையும் உயர்ந்த பனையும் இதற்குப் பாதுகாப்பு. பாம்பு எளிதில் எட்டாது.

இன்று அந்தப் பனைகளே குறைகின்றன. வயல்கள் மனைகளாகின்றன, மரங்கள் செங்கல் சூளைக்குப் போகின்றன. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அதே ஆண்டில் மரக்காணம் அருகேயுள்ள கழுவெளி, பறவைகள் சரணாலயமானது. ஆயினும் தூக்கணாங்குருவி வாழ்வது சரணாலயத்தில் மட்டுமன்று. நம் வரப்பிலும் கிணற்றடியிலும்தான்.

ஒரு பனை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டச் சில நிமிடங்கள் போதும். எனவே ஏரிக்கரையில் பனங்கொட்டை விதைப்போம். கூடு தொங்கும் மரத்தைக் குஞ்சுகள் பறக்கும்வரையாவது விட்டுவைப்போம். வரவேற்பறை அழகுக்காக மரத்திலுள்ள கூட்டைப் பறிக்காதிருப்போம். காற்றில் தானே விழுந்த கூட்டை எடுத்து நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கையும் கருவியும் இல்லாத ஒரு சிறு உயிரின் உழைப்பு அதில் இருக்கிறது.