வேலியே பயிரை மேயும்போது: நிரப்புப் புரதங்களும் சிறுநீரகமும்

தொண்டைப் புண் ஆறிய ஓரிரு வாரங்களில் குழந்தையின் முகம் வீங்குகிறது. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் வெளியேறுகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘சி3 குறைவு’ என்றிருக்கிறது. அதன் பொருள் யாது எனப் பெற்றோர் எங்களிடம் வினவுவதுண்டு.

நமது இரத்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நிரப்புப் புரதங்கள் உள்ளன. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் இவை, ஒன்றையொன்று தூண்டிக் கிருமிகளை அழிக்கின்றன. அவற்றுள் நடுநாயகமானது சி3. உடலின் சொந்தத் திசுக்களை இவை தாக்காதவாறு ‘காரணி எச்’ போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் காக்கின்றன.

இக்கட்டுப்பாடு தவறினாலோ, தூண்டுதல் மிகுந்தாலோ, வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் இப்புரதங்கள் படிந்து அழற்சியை விளைவிக்கின்றன. சி3 பெரிதும் செலவழிந்துவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. லூபஸ் நோயில் சி3, சி4 இரண்டுமே குறையக்கூடும்.

தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியில், சி3 அளவு பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களில் இயல்புக்குத் திரும்பும். வீக்கம் வடிந்தது, குழந்தை நன்றாக விளையாடுகிறது என எண்ணிச் சிலர் மறுபரிசோதனைக்கு வருவதில்லை. அருள்கூர்ந்து அதைத் தவிர்க்காதீர்கள். சி3 குறைந்தே நீடித்தால், ‘சி3 குளோமெருலோபதி’ போன்ற நீண்டகால நோய் மறைந்திருக்கக்கூடும். அதை உறுதிசெய்யச் சிறுநீரகத் திசுப் பரிசோதனை தேவைப்படலாம். காலந்தாழ்த்தினால் சிறுநீரகத்தில் நிலையான தழும்பு ஏற்படும் அபாயம் உண்டு.

சிலருக்கு நிரப்புப் புரதங்கள் நுண்குருதிக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கின்றன. அப்போது சிவப்பணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் விரைவில் செயலிழக்கக்கூடும். இந்நோய்க்கு, சி5 புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. காரணி எச்சுக்கு எதிரான எதிர்பொருள்களால் இந்நோய் வரும் குழந்தைகளுக்குப் பிளாஸ்மா மாற்றமும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் பயன் தருகின்றன.

சி5-ஐத் தடுக்கும் மருந்து பெறுவோருக்கு மெனிங்கோகாக்கல் கிருமித்தொற்றின் அபாயம் மிகுதி. தடுப்பூசி அவசியம், எனினும் அது முழுப் பாதுகாப்பு அன்று. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், தோலில் செந்தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஒவ்வொரு சி3 அறிக்கையையும் தேதியுடன் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒரு நாளின் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே எங்களுக்கு வழிகாட்டுகிறது.