நல்ல உச்சரிப்பாசான் யார்?

கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடும் இளைஞர் பலர், பாடத்தில் தேர்ந்தவராயினும், ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுத வல்லவராயினும், நேர்காணல் அறையில் வாய் திறக்க அஞ்சுகின்றனர். 'நம் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பார்களோ' என்னும் எண்ணமே அவ்வச்சத்திற்குக் காரணமாகும். இவ்வச்சத்தையே முதலாக்கிக் கொண்டு, 'முப்பது நாளில் ஆங்கிலேயரைப் போலப் பேசலாம்' என விளம்பரம் செய்வோரும் உளர். நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோரும் உளர். ஆகவே, உச்சரிப்பைப் பயிற்றத் தக்கவர் யார், அவரை எவ்வாறு இனங்காண்பது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சாயல் பிணியன்று

மனிதர் ஒவ்வொருவர் பேச்சிலும் ஓர் உச்சரிப்புச் சாயல் உண்டு. நெல்லைத் தமிழுக்கு ஒரு சாயல். கோவைத் தமிழுக்கு ஒரு சாயல். ஆங்கிலமும் அவ்வாறே. இலண்டன் நகரத்தார் பேச்சும் ஸ்காட்லாந்தியர் பேச்சும் ஒன்றல்ல. எனவே, சாயலே இல்லாத பேச்சு என்று உலகில் ஒன்றில்லை. அதனை அளிப்பதாகக் கூறுவோர் இல்லாத பொருளை விற்கின்றனர்.

பேச்சுக் குறைபாடுகளைக் கவனிக்கும் வல்லுநர்களின் அமைப்பாகிய அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்விச் சங்கமும், உச்சரிப்புச் சாயலை ஒரு குறைபாடாகக் கொள்வதில்லை. விரும்புவோர் பெறும் பயிற்சியாகவே அதனைக் கருதுகிறது. தாய்மொழியிலேயே திக்குதலோ ஒலி பிறழ்தலோ உடையவர் நாட வேண்டியவர் உச்சரிப்புப் பயிற்றுநர் அல்லர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற பேச்சு மருத்துவ வல்லுநரே ஆவார். இவ்வேறுபாட்டை எடுத்துரைத்து, உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பது நேர்மையான ஆசானின் முதல் அடையாளமாகும்.

கனடா நாட்டு ஆய்வாளர் மன்ரோ, டெர்விங் ஆகிய இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நினைக்கத் தக்கது. அயற்சாயல் மிக்க பேச்சும் கேட்போர்க்கு முழுமையாக விளங்கக் கூடும் என்பதே அதன் முடிவு. ஆகவே, பயிற்சியின் குறிக்கோள் சாயலை அழிப்பதன்று. சொல்வது கேட்போர்க்குத் தடையின்றி விளங்கச் செய்வதே.

தாய்மொழி அறிந்த ஆசான்

ஒருவர் ஆங்கிலத்தை எவ்வாறு ஒலிப்பார் என்பதை அவர்தம் தாய்மொழியே பெரிதும் முடிவு செய்கிறது. அரபியில் 'ப' என்னும் வல்லொலி இல்லாமையால், அரபியர் அதனை அதிர்வுடைய ஒலியாக மாற்றுவர். ஜப்பானியர் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறிய இடர்ப்படுவர். தமிழராகிய நம் இடர் வேறு.

குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'பின்' என்றே அமையும். ஆங்கிலேயர் முதற்சொல்லின் 'ப'வைச் சிறு மூச்சுக் காற்றோடு வெளியிடுவர். நம் பகரத்தில் அம்மூச்சு இல்லை. அதனால் நாம் குண்டூசி கேட்டால் அவர் செவியில் குப்பைத் தொட்டி விழுதலும் உண்டு. மேலும், மெய்ம்மயக்கத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் இகரம் சேர்த்து 'இஸ்கூல்' என்பதும், எகரத்தை 'யெ' எனத் தொடங்குவதும் நம் மொழியியல்பின் வழி வந்தனவே.

எழுத்துகள் எங்கெங்கே, எவ்வெவ்வாறு பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியம் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. அவ்வியலைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இதழ், பல், நா, அண்ணம் ஆகியவற்றின் தொழில் புதிதன்று. ஆயினும் ஆங்கிலம் மட்டுமே அறிந்து, நம் ஒலிமரபை அறியாத பயிற்றுநர், 'நீர் ஒலிப்பது தவறு' என்று கூறுவாரேயன்றி, ஏன் தவறுகிறது என்று விளக்க மாட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டமை மட்டும் ஒருவரைப் பயிற்றுநர் ஆக்கிவிடாது.

முதலில் எதைத் திருத்துவது?

எல்லாப் பிழையும் ஒரே எடையுடையன அல்ல. தமிழில் அசைகள் ஏறத்தாழச் சம அழுத்தத்துடன் நடக்கின்றன. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, ஏனையவை மெலியும். 'ஹோட்டல்' என்னும் சொல்லில் நாம் முதலசையை அழுத்துகிறோம். ஆங்கிலேயர் இரண்டாம் அசையை அழுத்துவர். 'போட்டோகிராப்' என்பதில் முதலசையில் நிற்கும் அழுத்தம், 'போட்டோகிராபி' என்பதில் இரண்டாம் அசைக்கு நகர்ந்து விடும். அழுத்தம் இடம் மாறினால், ஒலி ஒவ்வொன்றும் சரியாக அமைந்தும் சொல் விளங்காமற் போகலாம். இதனை விடுத்து, அமெரிக்கரைப் போல ரகரத்தைச் சுழற்றுவதையே பல வாரம் கற்பிப்பவர் வேரை விட்டு இலைக்கு நீர் வார்ப்பவராவார்.

ஓதற்பள்ளி தரும் பாடம்

உச்சரிப்புப் பயிற்சி நம்மில் பலருக்குப் புதிதன்று. குர்ஆன் ஓதக் கற்ற சிறுவர், தஜ்வீத் என்னும் ஓதல் இலக்கணத்தின் வழி எழுத்துகளின் பிறப்பிடங்களை உஸ்தாதின் வாய்மொழியாகவே பயில்கின்றனர். உஸ்தாத் ஓதுகிறார், மாணவர் திருப்பி ஓதுகிறார், பிழை அங்கேயே திருத்தப்படுகிறது. அவ்வாறு பயின்ற முப்புள்ளி 'ஸா'வின் ஒலியே ஆங்கிலத்தில் 'திங்க்' என்னும் சொல்லின் முதலொலி. புள்ளியிட்ட 'தால்' ஒலியே 'திஸ்' என்னும் சொல்லின் முதலொலி. ஏழு வயதில் இவற்றை நாவில் ஏற்றிக் கொண்டவர் இருபது வயதில் ஆங்கிலத்தின் முன் கூசுவானேன்? மாணவரிடம் முன்பே உள்ள இத்தகைய செல்வத்தைக் கண்டறிந்து பயன்படுத்துபவரே தேர்ந்த ஆசான்.

நன்னூல் காட்டும் அளவுகோல்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்குக் கூறும் உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. துலாக்கோல் முதலில் அளக்கும். எப்பக்கமும் சாயாது உள்ளதைக் காட்டும். உச்சரிப்பாசானும் அவ்வாறே மாணவர் பேச்சை முதலில் கேட்டு அளத்தல் வேண்டும். ஆசிரியராகத் தகாதவர்க்கு அந்நூல் கூறும் உவமைகளும் ஈண்டுப் பொருந்துவனவே. கழற்காய் நிரப்பிய குடம், இட்ட முறைப்படி அல்லாது தாறுமாறாகக் கொட்டும். இது வரிசையின்றிப் பாடம் நடத்துவோர்க்கு ஒப்பு. தன்மீது ஏறவிடாது, தானே விழும் பழத்தை மட்டும் தரும் மடற்பனை, வினாவுக்கு விடையளியாதவர்க்கு ஒப்பு. நீர் வார்த்தவர்க்கன்றி அயலார்க்குக் காய் தரும் முடத்தெங்கு, கட்டணம் செலுத்தியவரை மறப்பவர்க்கு ஒப்பு.

சேருமுன் கேட்க வேண்டியவை

பணம் செலுத்துமுன் பயிற்றுநரிடம் சில வினாக்களை எழுப்புதல் நலம்.

ஒன்று: ஒலியியலை முறையாகப் பயின்றுள்ளாரா? மொழியியல், ஆங்கில மொழி பயிற்றல், பேச்சியல் ஆகியவற்றுள் ஒன்றில் பெற்ற பட்டத்தையோ சான்றிதழையோ காட்ட இயலுமா? அதனை வழங்கியது எந்நிறுவனம்?

இரண்டு: பயிற்சிக்கு முன் நம் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வாரா? எல்லோர்க்கும் ஒரே பாடத்தை நடத்துபவர் அளவெடாது சட்டை தைப்பவராவார்.

மூன்று: எதனை முதலில் திருத்துவார், ஏன்? இதற்கு நம் பேச்சிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்து விடை கூற வேண்டும்.

நான்கு: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசித் திருத்தம் பெறுவர்? ஐம்பது பேர் ஒருங்கே முழங்கும் வகுப்பில் ஒருவர் பிழை ஒருவர்க்கும் கேளாது.

ஐந்து: முன்னேற்றத்தை எவ்வாறு காட்டுவார்? முதல் நாள் பதிவையும் இறுதி நாள் பதிவையும், நம்மை அறியாத ஒருவர் கேட்டு ஒப்பிடுவதே தக்க சான்று.

இவற்றுக்குச் சினவாது விடை கூறுபவரை நாடலாம். நாட்கணக்கிட்டு உறுதி தருபவரையும், நம் ஊர்ப் பேச்சை எள்ளி நகையாடுபவரையும் விலக்கலாம். நாவின் பழக்கம் நாள்தோறும் சிறிது சிறிதாக மாறுவது. அச்சமும் நாணமும் உடைய நா மாறுவதேயில்லை.

நம் பேச்சின் சாயல் நம் அன்னையும் ஊரும் தந்த அடையாளம். அதனைத் துடைத்தெறிய எவர்க்கும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. நம் கருத்து அயலார் செவியில் தெளிவாகச் சென்று சேர உதவுபவர்க்கே அக்கட்டணம் உரியது. பயிற்சி முடிந்து வெளிவரும் மாணவர் ஆங்கிலத்தில் தயங்காது பேசுகிறாரா, தமிழில் பேசவும் நாணாதிருக்கிறாரா என்று நோக்குக. இரண்டும் ஒருங்கே அமையுமாயின், அவர்தம் ஆசான் நல்லாசானே என நாம் துணியலாம்.