முதுமையில் காரணம் புலப்படாத இரத்த உறைவு

உறைவுக்குப் பின்னால்

எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு, எலும்பு முறியாமலும், அறுவை சிகிச்சை எதுவும் நடக்காமலும், நாட்கணக்காகப் படுக்கையில் கிடக்காமலும், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலியெடுத்து, டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரைக்குள் இரத்தம் உறைந்திருப்பது தெரியவருமானால், அவ்வுறைவு வளராதபடி மருந்து கொடுத்ததோடு வைத்தியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. இரத்தம் தேங்குதல், குழாயின் உட்சுவர் பழுதாதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுதல் என்று ஜெர்மானிய மேதை விர்கோவின் பெயரால் வழங்கிவரும் மூன்று காரணங்களில், முதலிரண்டும் புலப்படாதபோது மூன்றாவதன்மீது சந்தேகம் எழுவது நியாயமே; இரத்தத்தை அவ்வாறு மாற்றக்கூடியவற்றுள் புற்றுநோயும் ஒன்று.

த்ரூஸோவின் அனுபவம்

பாரிஸ் நகரத்துப் பிரசித்தி பெற்ற வைத்தியராகிய அர்மான் த்ரூஸோ, சரீரத்தில் மறைந்திருக்கும் புற்றுநோய் சில வேளைகளில் சிரைகளில் உண்டாகும் உறைவின் மூலமே முதன்முதலாகத் தன்னை வெளிக்காட்டுகிறது என்று 1865-இல் எடுத்துரைத்தார். ஈராண்டுகளுக்குள் அதே அறிகுறி தம் உடலிலேயே தோன்றக் கண்டு, தமக்கும் அந்நோயே என்று தாமே நிர்ணயம் செய்துகொண்ட அவர், 1867-இல் இரைப்பைப் புற்றுநோயால் காலமானார்.

எவ்வளவு தேடுவது?

உறைவுக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கலாம் என்று கேட்ட மாத்திரத்தில், தலை முதல் கால்வரை ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் பதறுவது இயல்பு. ஆனால் கனடாவில் காரணம் புலப்படாத உறைவு கண்ட 854 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் காணப்பட்டவர்கள் நூற்றுக்கு நால்வர் அளவே. வழக்கமான பரிசோதனைகளோடு வயிற்றுக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்ததனால் தனி நன்மை ஏதும் விளையவில்லை. ஆகவே, உடல் மெலிகிறதா, பசி குன்றியதா, மலத்தில் இரத்தம் போகிறதா என்று நிதானமாக விசாரித்து, உடலை முழுமையாகப் பரிசோதித்து, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்து, வயதுக்குரிய புற்றுநோய்ச் சோதனைகளையும் செய்து, அவற்றில் ஏதேனும் உறுத்தினால் மேற்கொண்டு தேடுவதே விவேகமான மார்க்கம் என்பது என் உறுதியான கருத்து. சிவப்பணுக்களோ தட்டணுக்களோ மிகுந்திருந்தால் எலும்பு மச்சையின் நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரத்தம் எளிதில் உறையச் செய்யும் பரம்பரைக் குறைபாடுகளுக்கான சோதனைகள் இவ்வயதில் சிகிச்சையை மாற்றுவது அபூர்வம். அன்றியும், உறைவு புதிதாயிருக்கும்போதோ உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்ளும்போதோ, இரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் புரதம் 'சி', 'எஸ்' ஆகியவற்றை அளந்தால், இல்லாத குறை இருப்பதாகத் தோன்றிவிடும். உறைவு உண்டா என்று அறிய உதவும் டி-டைமர் என்னும் இரத்தச் சோதனையின் அளவும் வயதோடு இயல்பாகவே ஏறுவதால், ஐம்பதைக் கடந்தோருக்கு 500 என்ற பொது எல்லைக்குப் பதிலாக வயதைப் பத்தால் பெருக்கி வரும் தொகையைக் கொள்வது வழக்கமாகியிருக்கிறது.

தாமதம் கூடாது

காரணம் தெரியட்டும் என்று சிகிச்சையை ஒத்திப்போடலாகாது. உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே அபாயம் என்பதால், திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டவுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருந்தை மூன்று மாதங்களேனும் தொடர்ந்தபின், இரத்தக்கசிவு அபாயத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் சீர்தூக்கி, நீட்டிப்பதா நிறுத்துவதா என்று வைத்தியர் தீர்மானிப்பார். தவறாமல் மருந்து உட்கொண்டும் உறைவு மீண்டும் வருமாயின், புற்றுநோய்க்கான தேடலை முதலிலிருந்து தொடங்குவது அவசியமாகிறது.