மூன்று நாழிகையில் வரும் விடியல்

எத்தனை மணிக்கு விடிகிறது?

கோவில்பட்டிப் பக்கம் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு விதமாகச் சொல்வார்கள். "சேவல் கூவினால் விடிந்தது" என்பார் ஒருவர். "வெள்ளி முளைத்தால்" என்பார் இன்னொருவர். "காலண்டரைப் பார்" என்பார் மூன்றாமவர். "கிழக்கு வெளுக்க வேண்டும்" என்பார் வயதான சம்சாரி.

யார் சொல்வது சரி?

சேவலை நம்ப முடியாது. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக் கழக விஞ்ஞானிகள் 2013-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பே சேவல் கூவத் தொடங்கிவிடுகிறதாம்.

சேவல் கூவும் நேரத்தில் எழுப்பப்பட்ட குழந்தைகளும் கரிசல் பூமியில் இருந்தார்கள். 1980-களில் சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளின் பஸ்கள், கிராமங்களுக்கு விடியக் கருக்கலில் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது.

வெள்ளியும் சரியான கடிகாரம் அல்ல. சில மாதம் காலையில் தெரியும். சில மாதம் மாலையில் தெரியும். காலையில் வரும்போதும், சில சமயம் சூரியனுக்கு 3 மணி நேரம் முந்தி உதித்துவிடும். அதைப் பார்த்து வண்டி கட்டினால் பாதித் தூக்கம் போய்விடும்!

காலண்டர் சொல்வது சூரிய உதயம். கோவில்பட்டியில் அது 6 மணியை ஒட்டியும் வரும், பிப்ரவரியில் 6.40 வரையும் போகும். ஆனால் விடியல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஆகவே, கிழக்கைப் பார்க்கச் சொன்ன சம்சாரிதான் கெட்டிக்காரர்.

கிழக்கே பாருங்கள்

சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் ஒளி உயரத்தில் உள்ள காற்றின் மேல் படுகிறது. காற்று அந்த ஒளியைச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. அதுதான் வைகறை வெளிச்சம்.

சூரியன் 18 டிகிரி கீழே இருக்கும்போது முதல் வெளுப்பு தோன்றும். 12 டிகிரியில் அடிவானக் கோடு புலப்படும். 6 டிகிரிக்கு வந்துவிட்டால் எதிரே வருகிறவர் முகம் தெரியும். விஞ்ஞானிகளின் கணக்கு இது.

நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கோவில்பட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் அதிகம் சாயாமல், நெட்டுக்குத்தாக ஏறி வரும். அதனால் முதல் வெளுப்புக்கும் உதயத்துக்கும் நடுவே வருஷம் முழுவதும் 70 முதல் 77 நிமிஷம்தான். அடிவானம் தெரிவது 45 முதல் 50 நிமிஷத்துக்கு முன். முகம் தெரிவது 21 முதல் 23 நிமிஷத்துக்கு முன்.

ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று நாழிகை, இரண்டு நாழிகை, ஒரு நாழிகை!

லண்டனில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே ஜூன் மாதத்தில் நடு இரவிலும் சூரியன் 18 டிகிரிக்குக் கீழே போவதில்லை. முழு இருட்டே கிடையாது.

பொய் விடியல்

மூன்று நாழிகைக்கும் முந்தி, ஒரு மங்கலான வெளிச்சம் கிழக்கே கோபுரம் போல உயர்ந்து நிற்பதுண்டு. அது விடியல் அல்ல. கிரகங்கள் சுற்றும் பாதையில் பரந்து கிடக்கும் தூசியின் மேல் படும் சூரிய ஒளி. புரட்டாசியில் மேகம் இல்லாத நாளில் நன்றாகத் தெரியும். மெய்யான விடியல் இப்படி உயர்ந்து நிற்காது. அடிவானத்தை ஒட்டித் தெற்கு வடக்காக விரியும்.

ரமலான் நோன்பு நோற்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம். மெய்யான விடியலோடு ஸஹர் நேரம் முடிகிறது. அதற்குச் சிலர் 18 டிகிரி வைக்கிறார்கள். வெளிநாடுகளில் 15 டிகிரி வைப்பவர்களும் உண்டு. நம் ஊர்க் கணக்கில் இந்த 3 டிகிரி, 12 முதல் 14 நிமிஷம். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா என்பது அந்த நிமிஷங்களில் இருக்கிறது. தெருவிளக்குக்கு அடியில் நின்று பார்த்தவர் சொல்லும் நேரத்தை இதில் ஏற்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் முதல் வெளுப்பு மறைந்துபோகும்.

ஏகாதசி விரதத்துக்குப் பார்க்கும் அருணோதயமோ உதயத்துக்கு 4 நாழிகை முன்பு தொடங்குகிறது. அப்போது வானம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும்.

நீங்களும் பார்க்கலாம்

இதைப் பார்க்கக் கரிசல் காடு நல்ல இடம். மரம் குறைவு. நிலம் தட்டை. எட்டயபுரம் சாலையில் ஊரைத் தாண்டி, துணையோடு போய் நில்லுங்கள். அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கட்டும். உதயத்துக்கு 2 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டார்ச் லைட், செல்போன் இரண்டையும் அணைத்து வையுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகும்.

இந்தப் பத்திரிகையையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் வெள்ளைத் தாள் தெரியும். பிறகு கொட்டை எழுத்துத் தலைப்பு தெரியும். பொடி எழுத்தைப் படிக்க முடிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். உதயத்துக்கு இன்னும் ஒரு நாழிகைகூட இருக்காது.