பெட்டிக்குள்ள வர்ற வெள்ளம்

பள்ளிக்கரணைல இருந்து பேசுறேன். போன எபிசோடுக்கு அப்புறம் பலர் கேட்டது ஒரே கேள்வி: வேளச்சேரி-தாம்பரம் ரோட்டுல முட்டியளவு தண்ணி நின்னா எலக்ட்ரிக் கார் ஷாக் அடிக்குமா? சதுப்புநிலத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்க இதைக் கேட்கத்தான் செய்வாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ பார்த்தோமே.

கார் பேட்டரி பொதுவா 300, 400 வோல்ட். அதோட ரெண்டு முனையும் வண்டியின் உலோக உடம்பைத் தொடாம தனியா இருக்கணும். தண்ணி உள்ள புகுந்தா அந்தக் காப்பு குறையும். ஏஐஎஸ் 038 விதிப்படி நேர்மின்னோட்டத்துல ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் வேணும். 400 வோல்ட்டுக்கு 40,000 ஓம். இதை ஓடும்போதே அளந்துக்கிட்டே இருக்கிறது ஒரு மென்பொருள்.

சரி, அந்த மென்பொருள் ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்ப்பீங்க? ஒவ்வொரு முறை கோடு மாத்தும்போதும் ஒரு காரைத் தண்ணில முக்க முடியாது. அதுக்குத்தான் ஹார்ட்வேர்-இன்-த-லூப், சுருக்கமா ஹில். கன்ட்ரோல் யூனிட் மட்டும் நிஜம். அதுக்கு வர்ற வயர் எல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குப் போகும். பேட்டரி, மோட்டார், பிரேக், ரோடு எல்லாமே அந்தப் பெட்டிக்குள்ள ஓடுற கணக்குதான். பொதுவா ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் அந்த உலகத்தைப் புதுசா கணக்குப் போட்டு, "செல் வெப்பம் இவ்வளவு, வேகம் இவ்வளவு"ன்னு வோல்ட்டேஜாவும் கேன் மெசேஜாவும் அனுப்பணும். லேட்டானா டெஸ்டே செல்லாது. பாவம், யூனிட் தான் ரோட்டுலதான் போறதா நம்பிக்கிட்டு இருக்கும்.

இப்போ வெள்ளம் வரவைக்கலாம். பேட்டரி முனைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டரை ஸ்விட்ச் போட்டுச் சேர்த்தா காப்பு சட்டுனு விழும். யூனிட் என்ன பண்ணணும்? "உடனே மின்சாரத்தை வெட்டணும்"னு தோணும். ஆனா 80 கிலோமீட்டர் வேகத்துல, பின்னாடி லாரி வரும்போது வெட்டினா? அதனால ஓடுற வண்டில எச்சரிக்கை மட்டும், நிறுத்தின பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகவிடாதேன்னு முடிவு எடுக்கிறதுண்டு. அந்த ரெண்டு சூழ்நிலையையும் ராத்திரி பூரா நூறு விதமா ஓட்டிட்டு, காலைல ரிப்போர்ட் பார்க்கலாம். என் பார்வைல ஹில்லோட உண்மையான மதிப்பு இந்த மாதிரி இடங்கள்லதான்.

ஆனா பெட்டிக்குத் தெரிஞ்சது நாம எழுதினது மட்டும்தான். நிஜத் தண்ணி சேறோட வரும், கனெக்டர்ல தங்கும், ரெண்டு வாரம் கழிச்சு துருப்பிடிக்கும். அதை யாரும் மாடல்ல எழுதலைன்னா டெஸ்ட் பச்சையாத்தான் வரும். அதனால நிஜ வண்டியைத் தண்ணில இறக்கிப் பார்க்கிற டெஸ்ட் இன்னும் ஒழியலை.

இதுக்கு நேர்மாறான கதையும் இருக்கு, 2015 ஃபோக்ஸ்வேகன். ஸ்டியரிங் திரும்பலை, சக்கரம் மட்டும் சுத்துது, அப்போ இது சோதனைக் கூடம்னு மென்பொருளே கண்டுபிடிச்சு புகையை அடக்கிக் காட்டுச்சு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க கருவியை வண்டில ஏத்தி நிஜ ரோட்டுல ஓட்டினப்போதான் வித்தியாசம் வெளிய வந்துச்சு. இந்தியால மட்டும் 3 லட்சத்துக்கு மேல வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க.

கேள்விக்கு வர்றேன். ஷாக் அடிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனாலும் தண்ணில ஓட்டாதீங்க. மூழ்கின வண்டி காய்ஞ்சிடுச்சேன்னு நீங்களா ஆன் பண்ணவோ சார்ஜ் போடவோ வேண்டாம், சர்வீஸுக்கு ஃபோன் பண்ணி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க.