மன்னிக்கப்பட்டவனுக்கும் தண்டனை உண்டு

"சார், ஆண்டவரே என்னை மன்னிச்சிட்டாரு. கோர்ட்டு மட்டும் ஏன் மன்னிக்க மாட்டேங்குது?"

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் மனு பார்க்கப் போனபோது என் கட்சிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். இளவயதுக்காரர். வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரரை அரிவாளால் வெட்டிய வழக்கு. வெட்டுப்பட்டவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கையில் மூன்று விரல்கள் இன்றும் மடங்காது. சிறை ஊழியத்துக்கு வந்தவர்கள் கொடுத்த புதிய ஏற்பாட்டை அட்டை கிழியும்வரை படித்திருந்தார் இவர். ஜாமீனுக்காகச் சாமியாராகும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகம் இல்லை. மனம் திரும்பியது நிஜம்.

"இயேசுவோட சிலுவையில தொங்கின கள்ளனைப் பாருங்க தம்பி. பரதீசு உண்டுன்னு வாக்கு வாங்கிட்டான். ஆனா சிலுவையிலிருந்து அவனை யாரும் இறக்கிவிடலையே" என்றேன்.

பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் இரண்டாம் வார்த்தைக்குப் பிரசங்கம் செய்கிறவர்கள் பரதீசைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நான் கிரிமினல் வக்கீல். என் மனம் அதற்குச் சற்று முன்னால் வரும் வசனத்தில் நின்றுவிடும். எங்களுக்கு வந்த தண்டனை நியாயமானது, இவரோ தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று அந்தக் கள்ளன் சொல்கிறான். தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட அதே வாயால் இன்னொருவரின் நிரபராதத்துக்குச் சாட்சி சொல்கிறான். என் தொழிலின் இரண்டு பாதியும் அதில் இருக்கின்றன.

சபையில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு: "விசுவாசியாய் இருந்துகொண்டு கொலைகாரனுக்கு எப்படி வக்காலத்து போடுகிறீர்கள்?" நாம் வணங்குகிறவரே தவறான தீர்ப்பால் கொல்லப்பட்டவர். ராத்திரியில் விசாரணை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத சாட்சிகள். குற்றம் எதையும் காணவில்லை என்று நீதிபதியே சொல்லியும், வாசலில் நின்ற கூட்டத்தின் கூச்சல் வென்றது. அவருக்காக எழுந்து பேச அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மனுஷனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று முன்பொரு நாள் கேட்ட நிக்கொதேமுவையும் பரிகசித்து உட்காரவைத்துவிட்டார்கள். இதைப் படித்த ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் ஊர் கொதிக்கும்போது நாங்களே அதை மறந்துவிடுகிறோம். இன்ன வழக்கில் எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது உண்டு. கோவையில் குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குப் போனது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது.

தண்டனையும் மன்னிப்பும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய சின்ன மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. அவர் பாரிபாதாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த ஆஸ்திரேலியர். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்றும் சொன்னார். யார்மேலும் கசப்பில்லை, சட்டம் தன் வேலையைச் செய்யட்டும்: இந்த நிலைப்பாடுதான் அவருடையது.

அந்த வழக்கின் மறுபாதியை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 2003இல் கீழ்நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியான தாரா சிங்குக்கு மரண தண்டனையும் மற்ற 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் தாரா சிங்கின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது; 11 பேரைப் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. குழந்தைகளை எரித்த வழக்கு என்பதற்காக, ஆள் அடையாளம் நிரூபிக்கப்படாதவர்களை உள்ளே வைத்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? கிடைக்காது.

ஜெபம் வேறு, வாக்குமூலம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நம் சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. மாஜிஸ்திரேட்டிடம் ஒருவர் தானாக முன்வந்து சொன்னால்கூட, சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகப் போகும் என்று மாஜிஸ்திரேட் முதலில் எச்சரிக்க வேண்டும். அடித்து வாங்கிய ஒப்புதல்களைப் பார்த்துப் பார்த்து வந்த பாதுகாப்பு இது. மனம் திரும்பிய கட்சிக்காரரிடம் நான் சொல்வது இதுதான்: ஆண்டவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கோர்ட்டில் மௌனம் உங்கள் உரிமை, அதை நான் காப்பாற்றுவேன். ஆனால் உங்களுக்காகப் பொய்ச்சாட்சி ஜோடித்துத் தரமாட்டேன். இதைக் கேட்டுவிட்டு வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போனவர்கள் உண்டு. போகட்டும்.

ஈடுகட்டக்கூடிய குற்றம் என்றால் ஈடுகட்டத்தான் வேண்டும். சீட்டு நடத்தித் தெருவையே ஏமாற்றிய ஒரு அம்மா ஜாமீனில் வந்ததும் என் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து கோடுபோட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். யார் யாருக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தது. பூக்காரம்மாவின் பாக்கிகூட விடுபடவில்லை. "சகேயு நாலத்தனையா குடுத்தான் ஐயா. எனக்கு அசல் குடுக்கத்தான் முடியும்" என்றார். மனைக்கட்டை விற்றுக் கொடுத்து முடித்தார். மோசடி வழக்கை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது, செய்தோம். அரிவாள் வழக்குத் தம்பிக்கு அந்த வழி இல்லை. கொலை முயற்சி ஊருக்கே எதிரான குற்றம் என்பதால், வெட்டுப்பட்டவரே மன்னித்தாலும் வழக்கு முடிந்துவிடாது. அவருடைய மன்னிப்பு தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம், அவ்வளவுதான்.

குற்றத்துக்கு உரிய தண்டனையை நான் எதிர்க்கவில்லை. தீர்ப்பே வராமல் அனுபவிக்கும் தண்டனையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செம்புக் கம்பி திருடியதாகப் பிடிபட்ட பையனுக்கு ஜாமீன் உத்தரவு வந்துவிடும். இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் இரத்த உறவு என்று நிபந்தனை இருக்கும். அம்மா வீட்டு வரி ரசீதுக்கு அலைவார். வாடகை வீட்டுக்கு ஏது ரசீது? பையன் உள்ளேயே கிடப்பான். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவும் உண்டு. இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், நீதிமன்றம் அவரைப் பிணையில் விட வேண்டும். மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. சட்டம் இருக்கிறது. கேட்பாரில்லாதவனுக்கு அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பவுல் சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதினார்: ஒநேசிமு உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள் என்று. நான் படித்தவற்றுள் அதைவிட நேர்த்தியான ஜாமீன் பத்திரம் இல்லை. நம் சபைகளில் வீட்டு வரி ரசீது உள்ளவர்கள் எத்தனை பேர்! கிறிஸ்துமஸுக்குச் சிறைக்கு கேக் கொண்டுபோகிறோம், நல்லது. இந்த வருஷம் ஒரு ஏழைப் பையனுக்கு ஜாமீன்தாரராக நில்லுங்கள். அவன் ஓடிவிட்டால் பிணைத் தொகையை நீங்கள் கட்ட வேண்டிவரும். அதனால் குடும்பத்தை விசாரித்து, வாய்தா தவறாமல் வருவானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யாருக்கு உதவி வேண்டும் என்று உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இலவச சட்ட உதவி எண் 15100.