மின்சாரப் பந்தயக் காரும் எடையும்



பந்தயக் கார் என்றதும் நம் பிள்ளைகள் அதன் வேகத்தைத்தான் கேட்பார்கள். அதை உருவாக்கும் பொறியியலாளரோ எடையை முதலில் கேட்பார். மின்சாரப் பந்தயக் காருக்கு எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இன்று பார்ப்போம்.

நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து நடப்போருக்கு இது புதிதல்ல. சுமையோடு நடையைத் தொடங்குவது கடினம், சட்டென்று நிற்பது கடினம், திரும்புவதும் கடினம். பந்தயக் காருக்கும் இம்மூன்றுமே சோதனைகள்.

ஒரே மோட்டார் இருமடங்கு எடையை இழுத்தால், வேகம் பிடிக்கும் திறன் பாதியாகிவிடும். அதே வேகத்திலிருந்து நிற்பதற்குப் பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றலும் இருமடங்காகும். வளைவில் காரைப் பாதையிலேயே பிடித்து வைப்பவை டயர்கள். எடை கூடினால் டயரின் பிடிப்பும் கூடும். ஆனால் எடை கூடிய அளவுக்குக் கூடாது. ஆகவே கனமான கார் வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதன் டயரும் சூடேறி விரைவில் தேயும்.

மின்சாரக் கார் ஏன் கனக்கிறது? காரணம் பேட்டரிதான். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இருப்பது கால் கிலோவாட் மணி அளவுதான். பெட்ரோல் இயந்திரம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது என்பது உண்மை. அதைக் கழித்தாலும் பெட்ரோலே பல மடங்கு முந்தி நிற்கிறது. மேலும், பெட்ரோல் எரிய எரியக் கார் இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் அதன் கனம் அப்படியே இருக்கும்.

பெரிய பேட்டரியாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். பேட்டரி பெரிதானால் எடை கூடும். அந்த எடையை இழுக்க மேலும் மின்சாரம் வேண்டும்.

இந்தச் சிக்கலை நம் நாடே நேரில் கண்டது. 2014 நவம்பரில் புத்ராஜெயா சாலைகளில் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார் பந்தயம் நடந்தது. ஒரு பேட்டரி பந்தயம் முடியும்வரை தாங்காது. அதனால் ஒவ்வோர் ஓட்டுநரும் பாதியில் இறங்கி, இன்னொரு காரில் ஏறினார். 2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில், ஏறத்தாழ இருமடங்கு மின்சாரம் கொள்ளும் பேட்டரி வந்தது. கார் மாற்றும் வழக்கமும் நின்றது. ஆனால் அந்தப் பேட்டரி மட்டுமே 385 கிலோ!

2023இல் வேறு வழி கண்டார்கள். பேட்டரியைச் சிறிதாக்கி, அதன் எடையில் ஏறத்தாழ நூறு கிலோ குறைத்தார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்க, அது பேட்டரிக்கே திரும்புகிறது. பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படிக் கிடைத்தது. கார் இலேசானது, வேகமும் கூடியது.

நம் சாலைகளிலும் இப்போது மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட இவை பெரும்பாலும் கனமானவை. மெதுவாக வரும்போது ஓசையும் குறைவு. கனமான வண்டி மோதினால் அடியும் பலமாக இருக்கும். ஆகவே, காதை மட்டும் நம்பாமல் இருபுறமும் கண்ணால் பார்த்துச் சாலையைக் கடக்கும்படி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.